வண்டி நின்ற பிறகு
சரக்கு வண்டி ஓட்டுநர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை சாலையைப் பற்றியவை. சென்ற இதழில், "வண்டியை நிறுத்திய பிறகு உங்களுக்கு என்ன நடக்கிறது என்று எழுதுங்கள்" என்று கேட்டிருந்தேன். மேசை நிறைந்துவிட்டது. இருபத்தொன்பது ஆண்டுகள் உள்ளூர் விநியோக வண்டி ஓட்டியவன் நான். இந்தக் கடிதங்களில் பலவற்றை நானே எழுதியிருக்கலாம் என்று தோன்றியது. பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டிருப்பதால் எல்லாருடைய பெயரையும் விட்டுவிட்டேன்.

கேள்வி: எனக்கு 22 வயது. ஓட்டுநர் வேலை என்றுதான் சேர்ந்தேன். இரண்டு மாதமாகப் பார்க்கிறேன், ஸ்டியரிங் பிடிக்கிற நேரத்தைவிடப் பெட்டி பிடிக்கிற நேரமே அதிகம். நாளைக்கு 140 பெட்டி, ஒவ்வொன்றும் 18 கிலோ. இரவில் விரல்களை மடக்க முடியவில்லை. மூத்தவர்கள் "ஆறு மாதத்தில் உடம்பு பழகிவிடும்" என்கிறார்கள். பழகுமா அண்ணா?

பதில்: பாதி பழகும், தம்பி. தசை பழகும். உள்ளங்கை காய்த்துவிடும். மூச்சு வாங்குவது குறையும். விரல் வலியும் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால், இரண்டு மாதத்துக்கு மேலும் காலையில் விரல் மரத்துப்போனால், குறிப்பாகக் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்தால், மருத்துவரிடம் காட்டு. அது மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதன் அடையாளமாக இருக்கலாம்.

பழகாத பாதி முதுகில் இருக்கிறது. முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருக்கும் டிஸ்க்குக்குள், வளர்ந்த மனிதர்களுக்கு ரத்தக் குழாய் ஏறக்குறைய இல்லை. அதற்கு வேண்டிய சத்து சுற்றியுள்ள எலும்பிலிருந்து மெல்லக் கசிந்துதான் வந்து சேர வேண்டும். தசை கிழிந்தால் சில வாரங்களில் ஆறிவிடுகிறது. டிஸ்க்கில் விழுந்த கீறல் அப்படி ஆறுவதில்லை. பழகிவிட்டது என்று பழைய ஆட்கள் சொல்லும்போது, வலியைக் கவனிக்காமல் இருக்கப் பழகியதைத்தான் பல நேரம் சொல்கிறார்கள். நானும் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான்.

உன் கணக்கையே போட்டுப் பார். 140 பெட்டியை 18 கிலோவால் பெருக்கினால் 2,520 கிலோ. காலையில் ஏற்றியதும் நீயே என்றால் ஒரு நாளில் உன் கை வழியாக ஐந்து டன் போகிறது. நெடுந்தூர வண்டி ஓட்டுகிறவர் ஒரே இடத்தில் ஏற்றி ஒரே இடத்தில் இறக்குகிறார். அவருக்குத் தூக்கம் போகிறது, வீடு தூரமாகிறது, அவர் கஷ்டம் வேறு. உனக்கு நாற்பது நிறுத்தம். நாற்பது முறை இறங்குகிறாய், நாற்பது முறை ஏறுகிறாய், நாற்பது முறை கதவுத் தாழ்ப்பாளைத் தள்ளுகிறாய். உள்ளூர் என்பதால் இது லேசான வேலை என்று வெளியில் நினைக்கிறார்கள்.

ஓட்டுநர் இருக்கையிலிருந்து குதிக்காதே. இதை உன்னிடம் கெஞ்சியே கேட்கிறேன். இருபது வயதில் குதிப்பது சுகமாக இருக்கும். அந்த அடி முழுவதும் முழங்காலிலும் இடுப்பிலும் போய் இறங்குகிறது. வண்டியைப் பார்த்தபடி, இரண்டு கை ஒரு கால், அல்லது இரண்டு கால் ஒரு கை, எப்போதும் மூன்று பிடி இருக்கும்படி இறங்கு. ஒரு நிறுத்தத்துக்கு நான்கு நொடிதான் கூடுதலாகும்.

கேள்வி: ஒரு ஆள் எத்தனை கிலோ வரை தூக்கலாம்? ஒவ்வொருவரும் ஒவ்வொரு எண் சொல்கிறார்கள்.

பதில்: அவர்கள் சொல்வது எல்லாமே எங்கோ எழுதிவைத்த எண்கள்தான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இல் இதற்கென்றே ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து வரக்கூடிய எடையை எந்தத் தொழிலாளியையும் சுமக்க வைக்கக் கூடாது, சுமக்க அனுமதிக்கவும் கூடாது என்பது அதன் சாரம். உடன்வந்த பரிந்துரையில், வளர்ந்த ஆண் ஒருவருக்கு அனுமதிக்கும் உச்ச எடை எங்காவது 55 கிலோவுக்கு மேல் இருந்தால் அதை விரைவில் 55க்குக் கொண்டுவர வேண்டும் என்றார்கள். அமெரிக்க அரசின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1981இல் 40 கிலோ என்று வைத்திருந்தது. 1991இல் கணக்கைத் திருத்தி 23 கிலோ ஆக்கியது.

அந்த 23 கிலோவும் எல்லாம் கூடிவந்தால்தான். பெட்டி உடம்பை ஒட்டி இருக்க வேண்டும், கையைத் தொங்கவிட்டால் விரல் முட்டி வரும் உயரத்தில் இருக்க வேண்டும், உடம்பு திரும்பக் கூடாது, பிடிக்க நல்ல கைப்பிடி வேண்டும். வண்டிக்குள் இது எதுவும் கிடைக்காது. அவர்களுடைய கணக்கின்படி, பெட்டியைப் பிடித்த கை கணுக்காலிலிருந்து 25 சென்டிமீட்டருக்குள் இருந்தால் முழு எடை. 50 சென்டிமீட்டர் தள்ளிப்போனால் பாதி, அதாவது பதினொன்றரை கிலோ. பெட்டி தரையில் கிடந்தால் அதிலும் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கழித்து ஏறக்குறைய ஒன்பது கிலோ. எடுத்துவிட்டுப் பக்கவாட்டில் முழுதாகத் திரும்ப வேண்டும் என்றால் ஆறு கிலோ சொச்சம். வண்டியின் உள்மூலையில், சக்கரத்துக்காகத் தரை புடைத்திருக்கும் சக்கர மேட்டுக்கு அந்தப்பக்கம், எட்டிப்பிடித்துத் திரும்பி வைக்கும் பெட்டிக்கு ஆறு கிலோ! அங்கேதான் நாம் இருபது கிலோவை இழுத்துக்கொண்டிருக்கிறோம்.

காரணம் நெம்புகோல் கணக்குத்தான். முதுகெலும்பின் பின்னால் இருக்கும் தசை எலும்பிலிருந்து சுமார் ஐந்து சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. பெட்டி முன்னால் ஐம்பது சென்டிமீட்டரில் தொங்குகிறது. அதைச் சமன் செய்ய அந்தத் தசை பத்து மடங்கு இழுக்க வேண்டும். இருபது கிலோ பெட்டிக்கு இருநூறு கிலோ இழுப்பு. உங்கள் தலையும் மார்பும் முன்னால் சாய்வதற்கான எடை தனி.

எனக்கு இருபத்தாறு வயதில் நடந்ததைச் சொல்கிறேன். மாலை, கடைசி டெலிவரி. பாடியின், அதாவது வண்டியில் சரக்கு வைக்கும் கூட்டின், உள்மூலையில் ஒரு பெட்டி, பள்ளிப் பை அளவுதான் இருக்கும். எடை எழுதவில்லை. நானும் சின்னப் பெட்டி என்று ஒரு காலைச் சக்கர மேட்டின்மேல் வைத்து, ஒரு கையைச் சுவரில் ஊன்றி, மற்றக் கையால் வெடுக்கென்று இழுத்தேன். பழைய போர்வையைக் கிழித்தது போல இடுப்புக்குள் ஒன்று கேட்டது. கேட்டதா, உணர்ந்தேனா என்று இன்றும் தெரியவில்லை. பக்கச் சுவரில் இருந்த கொக்கியைப் பிடித்துக்கொண்டு அப்படியே மண்டியிட்டேன். கீழே ரசீதோடு நின்றவர், "கையெழுத்து எங்கே போட வேண்டும்?" என்று கேட்டார். நானும் வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை. விரலால் இடத்தைக் காட்டினேன்.

உள்ளே இருந்தது வார்ப்பிரும்பு வால்வுகள், 47 கிலோ. ஏழு வாரம் வேலைக்குப் போகவில்லை. பெட்டியின் மேல் யாராவது அந்த இரண்டு இலக்கத்தை எழுதியிருந்தால் நான் அதைத் தொடுவதற்கு முன் இன்னோர் ஆளைக் கூப்பிட்டிருப்பேன். அதன்பிறகு எடை எழுதாத எந்தப் பெட்டியையும் நான் முதலில் காலால் தள்ளிப்பார்க்காமல் தூக்கியதில்லை. நகராத பெட்டிக்கு இரண்டு பேர். நீங்களும் அதையே செய்யுங்கள்.

கேள்வி: இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டால் போதும் என்கிறார் எங்கள் மேற்பார்வையாளர். உண்மையா?

பதில்: இல்லை. அமெரிக்காவில் 160 சில்லறைக் கடைகளில் பொருள் தூக்கும் 9,000க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து பார்த்து 2000ஆம் ஆண்டில் அந்நாட்டு மருத்துவச் சங்க இதழில் முடிவை வெளியிட்டார்கள். தினமும் பெல்ட் கட்டியவர்களுக்கும் கட்டாதவர்களுக்கும் முதுகுக் காயத்திலோ வலியிலோ வித்தியாசம் தெரியவில்லை. மருத்துவர் உங்களுக்கென்று கட்டச் சொல்லியிருந்தால் அது வேறு விஷயம். பெல்ட் வாங்கும் பணத்தில் ஒரு நல்ல இரு சக்கரக் கைவண்டி வாங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: காலையில் முதல் நிறுத்தத்தில், முதல் பெட்டியைத் தூக்கும்போதுதான் எனக்குப் பிடித்துக்கொள்கிறது. மதியம் அதைவிடக் கனமானதைத் தூக்குகிறேன், ஒன்றும் ஆவதில்லை. மனப்பிரமை என்கிறார் கூட வேலை செய்பவர்.

பதில்: பிரமை இல்லை. நீங்கள் கவனித்திருப்பது மிகச் சரியான விஷயம், இதைக் கவனிக்க எனக்குப் பத்து வருடம் ஆனது.

இரவு படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை உறிஞ்சி உப்புகிறது. அதனால்தான் காலையில் எழும்போது மனிதர்கள் ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர் உயரமாக இருக்கிறார்கள். உப்பிய டிஸ்க் விறைப்பாக இருக்கும்; அந்த நேரத்தில் முழுக்கக் குனிந்தால் அதன்மேல் விழும் அழுத்தம் பகலில் விழுவதைவிடப் பல மடங்கு. எழுந்த பிறகு முதல் ஒரு மணி நேரத்தில் இந்த வீக்கத்தில் பெரும்பகுதி வடிந்துவிடுகிறது. காலை நேரத்தில் குனிவதைத் தவிர்த்தவர்களுக்கு நாள்பட்ட முதுகுவலி குறைந்தது என்று 1998இல் ஓர் ஆய்வும் வெளிவந்தது. விநியோக வண்டிக்காரரின் நாள் எப்படித் தொடங்குகிறது? இருட்டில் எழுந்து, அரை மணியில் கிடங்குக்குப் போய், குனிந்து ஏற்றத் தொடங்குகிறார். உடம்புக்கு மிக மோசமான மணி நேரத்தில் மிகக் கனமான வேலை.

அடுத்தது இருக்கை. வளைந்து உட்கார்ந்து ஓட்டும்போது முதுகின் தசைநார்கள் மெல்ல நெகிழ்ந்து நீளுகின்றன, எழுந்ததும் உடனே பழைய இறுக்கத்துக்கு வருவதில்லை. கூடவே வண்டியின் ஆட்டம். உட்கார்ந்த மனித உடம்பு செங்குத்தாக அதிகம் குலுங்குவது நொடிக்கு நான்கு முதல் எட்டு அதிர்வில். மோசமான சாலையில் சரக்கு வண்டியின் இருக்கையும் ஏறக்குறைய அந்த வேகத்தில்தான் ஆடுகிறது. அதற்கு எதிராக முதுகுத் தசை இடைவிடாமல் வேலை செய்து, இறங்கும்போது களைத்திருக்கிறது. அந்த நிலையில் நேரே பின்பக்கம் போய்க் குனிகிறோம்.

நான் செய்துகொண்ட மாற்றம் ஒன்றுதான். இறங்கியதும் பெட்டியைத் தொடுவதில்லை. முதலில் ரசீதை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்துபோவேன். எங்கே வைக்க வேண்டும் என்று கேட்பேன், வழியில் படி, ஈரம், தாழ்ந்த கூரை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே திரும்புவேன். கதவைத் திறப்பேன், பட்டையைத் தளர்த்துவேன். இதற்குள் மூன்று நான்கு நிமிடம் ஆகிவிடும். பிறகு லேசான பெட்டியில் தொடங்குவேன். இதனால் வேலை தாமதமானதே இல்லை, ஏனென்றால் எப்படியும் செய்ய வேண்டிய வேலைகளை வரிசை மாற்றிச் செய்தேன், அவ்வளவே. காலையில் ஏற்றும்போது கனமானவற்றை இடுப்பு உயர மேசையிலிருந்து எடுக்கும்படி முந்தின மாலையே வைக்கச் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள்.

கேள்வி: பக்கத்துத் தெருவுக்குத்தானே போகிறோம், ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் பிறகு மீதிச் சரக்கை மறுபடி கட்ட வேண்டுமா?

பதில்: வேண்டும். திடீர் பிரேக்குக்குப் பக்கத்துத் தெரு, தூரத்து ஊர் என்ற பேதம் கிடையாது. ஐரோப்பியத் தரவிதி, சரக்கின் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசை முன்னோக்கியும், பாதி எடை அளவு பக்கவாட்டிலும் பின்னோக்கியும் வந்தாலும் தாங்கும்படி கட்டச் சொல்கிறது. உங்கள் முதுகுக்குப் பின்னால் 500 கிலோ இருந்தால் 400 கிலோவின் தள்ளல். நிறைந்த வண்டியைவிடப் பாதி காலியான வண்டியில்தான் சரக்கு ஓடி வந்து மோத இடம் இருக்கிறது.

திறக்கும்போது கதவுக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். ஒரு கதவை மட்டும் கொஞ்சம் திறந்து, அதன் மறைவில் நின்று உள்ளே பாருங்கள். சரிந்த சரக்கு கதவின்மேல்தான் சாய்ந்து காத்திருக்கும்.

கேள்வி: எங்கள் வண்டியில் பின்பக்கம் சரக்கை இறக்கும் மேடை இருக்கிறது. பேலட்டை, அதாவது சரக்கு அடுக்கிய தட்டை, நகர்த்தும் சக்கரம் வைத்த பேலட் டிராலியும் இருக்கிறது. அதனால் எங்களுக்குக் கஷ்டமே இல்லை என்று நிர்வாகம் நினைக்கிறது. ஆனால் எனக்கு எப்போதும் அந்த மேடைமேல் பயமாகவே இருக்கிறது. இந்தப் பயம் சரியா?

பதில்: சரியான பயம். அதை விட்டுவிடாதீர்கள்.

சமதளத்தில் பேலட் டிராலி அற்புதமான கருவி. 800 கிலோவை ஒரு ஆள் நகர்த்திவிடலாம். சக்கரம் எடையைத் தூக்கிக்கொள்கிறது, நம் கை உராய்வை மட்டும் வெல்கிறது. தரை ஐந்து பாகை சாய்ந்தால் கதை மாறிவிடுகிறது. 800 கிலோவில் சுமார் 70 கிலோ சரிவின் பக்கம் இழுக்கத் தொடங்கும். ஐந்து பாகை என்பது கண்ணுக்குப் பெரிய சரிவாகத் தெரியாது. மழைநீர் ஓடுவதற்காகச் சாய்த்துப் போட்ட சாலையோரத்தில் வண்டியை நிறுத்தினாலே மேடை ஒருபக்கம் சாய்ந்துவிடும்.

என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர், என்னைவிட மூத்தவர், ஓடு அடுக்கிய பேலட்டை மேடைமேல் இழுத்தார். பின்னோக்கி நடந்தபடி இழுத்ததால், மேடையின் ஓரம் எங்கே இருக்கிறது என்பது அவருக்கு முதுகுப் பக்கம். சக்கரம் பாடியிலிருந்து மேடைக்கு மாறும் இடத்தில் ஒரு சின்ன விளிம்பு. அதில் ஏறாமல் நின்றது. இன்னும் பலமாக இழுத்தார். ஏறியது, ஏறிய வேகத்தில் ஓடி வந்தது. அவர் பக்கவாட்டில் விலகவில்லை. இரண்டு கையையும் நீட்டி அதைத் தடுக்கப் பார்த்தார். நான் கீழே இருந்து "விட்டுவிடு, விட்டுவிடு" என்று கத்தியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவருக்குக் கேட்டிருக்கும். சரக்கு உடைந்தால் பதில் சொல்ல வேண்டியது தான்தான் என்ற பயம் என் குரலைவிட அவருக்குள் பலமாக ஒலித்திருக்கிறது. இடது கால் பாதம் மூன்று இடத்தில் உடைந்தது. ஓடுகளில் பாதிக்கு மேல் எப்படியும் நொறுங்கிவிட்டன.

ஆகவே சொல்கிறேன். மேடைமேல் டிராலிக்கும் ஓரத்துக்கும் நடுவில் நிற்காதீர்கள். மேடையின் ஓரத் தடுப்பு மேலே எழும்பி இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். சாய்ந்த இடத்தில் நிறுத்த வேண்டி வந்தால் பேலட்டைப் பிரித்துப் பாதிப் பாதியாக இறக்குங்கள், அல்லது வேறு இடம் கேளுங்கள். ஓடத் தொடங்கிய சரக்கை விட்டுவிடுங்கள். அதை உங்கள் முதலாளியையே முன்கூட்டி ஒருமுறை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்: "ஓடினால் விட்டுவிடு, உடைந்தது என் பொறுப்பு" என்று. அவர் வாயால் அது வந்தால்தான் உங்கள் கை அந்த நொடியில் விடும்.

கேள்வி: மோதிரம் போட்டுக்கொண்டு வேலை செய்யக் கூடாது என்கிறார்கள். திருமண மோதிரம் அது. கழற்ற மனம் வரவில்லை.

பதில்: கழற்றி, கழுத்தில் உடைக்குள்ளே போட்டுக்கொள்ளுங்கள். அதுவும் மனமில்லை என்றால் வீட்டில் துணைவியாரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். பாடியிலிருந்து இறங்கும்போது பக்கக் கொக்கியில் மோதிரம் மாட்டிக்கொண்டால் உங்கள் மொத்த எடையும் அந்த ஒரு விரலில் தொங்கும். தோலும் சதையும் உறை போலக் கழன்று வந்துவிடும். ஒருமுறை பக்கத்து வண்டியில் நடந்ததைப் பார்த்த அன்றே நான் என்னுடையதைக் கழற்றினேன்.

கேள்வி: நான் பெண் ஓட்டுநர். ஒரு நாளில் முப்பது இடங்களுக்குப் போகிறேன். "கழிப்பறை ஊழியர்களுக்கு மட்டும்" என்ற பதில்தான் எங்கும். அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டேன். மதியத்துக்குமேல் தலை சுற்றுகிறது.

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஆண்களாகிய நாங்கள் இந்தத் தொழிலில் இதை ஒரு பிரச்சினையாகவே பேசாமல் இருந்தது தவறு.

தண்ணீரைக் குறைக்காதீர்கள். பாரம் தூக்குகிறவர் வியர்வையில் இழப்பது சாதாரணம் இல்லை. உடம்பு எடையில் இரண்டு சதவீதம் நீர் குறைந்தாலே உழைக்கும் திறனும் கவனமும் தளரத் தொடங்கும். அந்தத் தலைச்சுற்றலோடு நீங்கள் வண்டியை ரிவர்ஸ் எடுக்கிறீர்கள். சிறுநீரை அடக்குவதும், குறைவாகக் குடிப்பதும் சேர்ந்தால் சிறுநீர்த் தொற்றும் கல்லும் வரும் வாய்ப்புக் கூடும்.

உங்கள் வரிசையில் கழிப்பறை தருகிற மூன்று நான்கு இடமாவது இருக்கும். அவற்றை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த இடங்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வரும்படி வரிசையை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். பாதை போடுகிறவருக்கு அது சில நிமிட வேலை. அதைவிட முக்கியமானது, உங்கள் நிறுவனம் சரக்கு பெறுவோரோடு போடும் ஒப்பந்தத்தில் "சரக்கு கொண்டுவருபவர் கழிப்பறையைப் பயன்படுத்தலாம்" என்ற ஒரு வரியைச் சேர்ப்பது. எத்தனை மணிக்கு வர வேண்டும், எந்தக் கதவில் நிறுத்த வேண்டும், பெட்டியை எப்படி அடுக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அதில் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. இந்த இதழை எடுத்துக்கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கேள்வி: வாசலில் இறக்கினால் போதும் என்றுதான் ரசீதில் இருக்கிறது. வாடிக்கையாளர் மூன்றாம் மாடிக்கு ஏற்றித் தரச் சொல்கிறார். மறுத்தால் புகார் போகிறது. வயதானவர்கள் கேட்கும்போது மறுக்கவும் முடியவில்லை.

பதில்: வயதானவர் தனியாக நின்று கேட்கும்போது என்னாலும் மறுக்க முடிந்ததில்லை. அவருக்கு மறுக்காதீர்கள், ஆனால் தனியாகச் செய்யாதீர்கள். நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்: "வாடிக்கையாளர் மாடிக்குக் கேட்கிறார், இது இருவர் வேலை, ஆள் அனுப்புங்கள் அல்லது நாளைக்கு வைத்துக்கொள்கிறேன்." இப்படிச் சொன்னால் முடிவு உங்கள் தலையிலிருந்து இறங்கி, அதை எடுக்க வேண்டியவரிடம் போகிறது. புகார் வந்தாலும் நீங்கள் அழைத்த நேரம் பதிவில் இருக்கும்.

மாடிப்படியில் இருவர் தூக்கும்போது கீழே இருப்பவருக்குத்தான் பெரும் பாரம் வரும். பலசாலியைக் கீழே விடுங்கள், மேலே இருப்பவர் மட்டும் வாய்விட்டு எண்ணட்டும். முன்பக்கம் திறக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் ஆட்டத்தை அடக்கக் கனமான கான்கிரீட் கட்டி வைத்திருப்பார்கள், மொத்தம் 70 கிலோவுக்கு வந்துவிடும், எடையும் நடுவில் இருக்காது. தூக்குவதற்கு முன் லேசாக ஒருபக்கம் சாய்த்து, எந்தப்பக்கம் கனம் என்று பாருங்கள்.

கேள்வி: நான் நான்கு வண்டி வைத்திருக்கும் சிறு முதலாளி. சம்பளம் குறைவில்லை. ஆனாலும் ஓட்டுநர்கள் மூன்று மாதத்தில் போய்விடுகிறார்கள். எங்கே தவறு?

பதில்: கேட்டதற்கு நன்றி, ஐயா. முதலாளிமாரிடமிருந்து இந்தப் பகுதிக்கு வந்த கடிதம் இது ஒன்றுதான்.

உங்கள் வண்டியில் ஒரு நாள் முழுவதும் போய்ப் பாருங்கள். பார்வையாளராகப் போகாமல், பெட்டி பிடிக்கும் ஆளாகப் போங்கள். முதலில் தெரியப்போவது காத்திருப்பு. எட்டு மணிக்கு வரச் சொல்லிவிட்டுப் பத்தரைக்குத்தான் கதவு திறப்பார்கள். பிறகு அந்த இரண்டரை மணி நேரத்தை ஓட்டுநர்தான் ஓடியும் தாவியும் ஈடுகட்டுகிறார். என் கணிப்பில் காயங்களில் பெரும்பாலானவை அந்த ஈடுகட்டும் நேரத்தில்தான் நடக்கின்றன. காத்திருப்புக்கும் கூலி கொடுங்கள், அதைச் சரக்கு பெறுபவரின் பில்லில் ஏற்றுங்கள்.

சரக்குக் கொள்கலன் பிறந்ததே ஒரு ஓட்டுநரின் காத்திருப்பிலிருந்துதான் என்பார்கள். மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்கர், 1937இல் ஹோபோகன் துறைமுகத்தில் பருத்திப் பொதிகளோடு நாள் முழுவதும் தன் வண்டியில் உட்கார்ந்திருந்ததைப் பின்னாளில் சொன்னார். ஒவ்வொரு பொதியாக ஆட்கள் தூக்கிக் கப்பலில் ஏற்றுவதைப் பார்த்தபோது, வண்டியின் பெட்டியையே அப்படியே தூக்கி வைத்தால் என்ன என்று தோன்றியதாம். 1956 ஏப்ரல் 26 அன்று அவருடைய 'ஐடியல் எக்ஸ்' கப்பல் நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 58 கொள்கலன்களோடு புறப்பட்டது. துறைமுகத்தில் மனித முதுகின் வேலை அதோடு குறையத் தொடங்கியது. கடைசி வாசலில் அது குறையவில்லை. கடல் கடந்து இயந்திரத்திலேயே வந்த பெட்டியை, கடைசி முப்பது அடி உங்கள் ஓட்டுநர்தான் கையில் தூக்குகிறார். அந்த முப்பது அடிக்கு உங்கள் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறதா?

ஏற்றும் வரிசையையும் பாருங்கள். முதல் நிறுத்தத்துச் சரக்கு உள்ளே மாட்டிக்கொண்டிருந்தால் ஓட்டுநர் ஒரே பெட்டியை மூன்று முறை தூக்குகிறார். கனமானது கதவருகே, இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். அதே நேரம் பின்பக்கமாகவே இறக்கிக்கொண்டு போனால் மீதிச் சரக்கெல்லாம் முன்னால் தங்கி, மொத்த எடை குறைந்த பிறகும் முன் அச்சில் அளவுக்கு மீறிய பாரம் விழலாம். நடு நிறுத்தத்தில் ஒருமுறை மீதியைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்த நேரமும் ஒரு டிராலியும் கொடுங்கள்.

25 கிலோவுக்கு மேலான ஒவ்வொரு பெட்டியின் எடையும் ரசீதில் இருக்க வேண்டும். கனமான நாட்களில் துணைக்கு ஒரு ஆள் வேண்டும். "இதை என்னால் தனியாகத் தூக்க முடியாது" என்று சொன்ன ஓட்டுநரை மறுநாள் யாரும் குத்திக்காட்டக் கூடாது. இந்த மூன்றையும் ஆறு மாதம் செய்து பார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: ஐயா, என் கணவர் பதினெட்டு வருடமாகச் சரக்கு வண்டி ஓட்டுகிறார். மூன்று வாரமாகத் தரையில்தான் படுக்கிறார். காலணி நாடாவை நான்தான் கட்டிவிடுகிறேன். வலி இப்போது குறைந்துவிட்டது என்கிறார், ஆனால் நடக்கும்போது வலது பாதம் படியில் தட்டுகிறது. மருத்துவரிடம் போனால் வேலை போய்விடும் என்று பயப்படுகிறார்.

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே ஆசிரியர் குழுவிடம் சொல்லி உங்களோடு தொலைபேசியில் பேசினேன். அப்போது சொன்னதையே மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதுகுவலி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே குறையும், படுத்தே கிடப்பதைவிட மெல்ல நடமாடுவது நல்லது. ஆனால், வலி குறைந்து பாதம் தளர்ந்தால் அது குணமாவதன் அடையாளம் இல்லை. நரம்பு அழுந்திச் செயலிழந்துகொண்டிருக்கலாம். குதிகாலால் நாலு அடி நடக்கச் சொல்லிப் பாருங்கள். வலது பாதத்தின் முன்பகுதி மேலே எழும்பவில்லை என்றால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். தொடை இடுக்கிலும் உட்காரும் இடத்திலும் உணர்ச்சி மரத்தாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, தெரியாமல் கசிந்தாலோ, இரண்டு கால்களும் தளர்ந்தாலோ அந்த நிமிடமே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோக வேண்டும், மறுநாள் என்று வைக்கக் கூடாது. அதில் சில மணி நேரத் தாமதமே நிரந்தரமாகிவிடலாம்.

அவருடைய பயம் எனக்குத் தெரியும். நானும் வாய் திறக்காமல் விரலால் இடத்தைக் காட்டியவன். நீங்கள் தொலைபேசியை அவரிடம் கொடுத்தபோது அவர் முதலில் என்னிடம் கேட்டது, "அதன்பிறகு உங்களால் வண்டி ஓட்ட முடிந்ததா?" என்றுதான். முடிந்தது என்றேன். இருபத்தாறு வயதில் படுத்தவன் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஓட்டினேன், கனமானதை மட்டும் இன்னோர் ஆள் இல்லாமல் தொட்டதில்லை. வியாழக்கிழமை காலை அவரை அழைத்துப் போவதாகச் சொன்னீர்கள். அவர் எந்தெந்த நாள் என்னென்ன தூக்கினார், எப்போது முதல் பாதம் தட்டுகிறது என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவர் கேட்கும்போது "ஒன்றுமில்லை, லேசான வலிதான்" என்று அவர் சொல்லிவிடுவார். தாளை நீங்கள் கொடுங்கள்.